ஊர் நீச்சல் குளத்தை மாற்றிக் கட்ட வேண்டுமா? கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோயில் கமிட்டியிலும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் ஊறிப்போனவர்கள்கூட ஊர் நீச்சல் குளம் என்று வந்தால் கொஞ்சம் திணறுவார்கள். நிலம் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது, கரண்டு பில் கட்டுவது மூன்றாவது ஆள், குளிப்பது நாம். செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் நம்முடையதைப் போன்ற மலேசிய ஊர்களில், டைல்ஸ் பெயர்ந்து, பம்பு பாதி நாள் நின்று, கேட்டில் 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்ற பலகை தொங்க ஆரம்பித்த பிறகுதான் கமிட்டி கூடுகிறது. கூடிய முதல் நாளே 50 மீட்டரா 25 மீட்டரா, சறுக்கு வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு கிளம்பிவிடும். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். குளம் கட்டுவதற்கான பணம் என்றாவது ஒருநாள் வந்துவிடும், தேர்தல் நெருங்கினால் இன்னும் சீக்கிரமே வரும். ஆனால் மாதாமாதம் குளோரினுக்கும் கரண்டுக்கும் உயிர்காப்பாளர் சம்பளத்துக்கும் யார் பணம் தருவார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதித் தர மாட்டார்கள். குளங்கள் சாவது அதனால்தான். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்தக் கேள்வியை நோக்கித்தான் போகிறது.

நிலம் யாருடையது?

தோட்டப்புற ஊர்களில் இதை யாரும் கேட்பதே இல்லை, ஊரை நிர்வகிக்கும் மாவட்ட மன்றத்து நிலம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் குளம் என்று ஒன்று இருந்தால் அது துரைமார் கிளப்பில் இருக்கும், தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளுக்கு ஆறும் குட்டையும்தான். பிற்காலத்தில் பொதுக் குளம் வந்தபோது சில இடங்களில் மாவட்ட மன்றம் கட்டியது, சில இடங்களில் தோட்டக் கம்பெனி நிலத்தைக் கொடுத்து மன்றம் நடத்தியது, சில இடங்களில் வாய்ப்பேச்சோடு சரி, காகிதமே கிடையாது. தோட்டம் கைமாறி, துண்டு துண்டாகி, வீடமைப்புத் திட்டமாகிக்கொண்டிருக்கும் இந்த நாளில் அந்த வாய்ப்பேச்சு உங்களைக் காப்பாற்றாது.

அதனால் நிலப் பட்டா எண்ணைக் கண்டுபிடித்து நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் போடுங்கள், கட்டணம் பெரிதாக இருக்காது. மூன்றில் ஒரு பதில் வரும். தனியார் பெயரில் இருந்தால், அங்கே ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே நீண்ட காலக் குத்தகையோ கைமாற்றமோ எழுத்தில் வேண்டும். அரசு நிலமாக மட்டும் இருந்து எதற்கும் ஒதுக்கப்படாமல் இருந்தால், பொதுப் பயனுக்கு ஒதுக்கி அரசிதழில் வெளியிடச் சொல்லி மாநில அரசுக்கு எழுதுங்கள். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தால் நிம்மதி. தேசிய நிலச் சட்டத்தின்படி அப்படி ஒதுக்கியதை ரத்து செய்ய வேண்டுமானால் விசாரணை வைத்து ஆட்சேபம் கேட்டாக வேண்டும், ஓர் இரவில் கடைவரிசை ஆகிவிடாது. குளம் மூடி நான்கைந்து வருடம் ஆன இடத்தில் புதர் மண்டியதும், 'இந்த நிலம் சும்மாதானே கிடக்கு' என்று பேச்சு தொடங்கும். காகிதம் கையில் இருந்தால் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லலாம்.

குளத்துக்கு உண்மையில் என்ன வியாதி?

'பழசாகிப் போச்சு, இடிச்சுடலாம்' என்பவரையும் 'சாயம் பூசினா போதும்' என்பவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க ஒரு வாளி போதும். குளத்துக்குள் இறங்கும் படியில், வாளியின் பாதிக்கு மேல் தண்ணீரில் மூழ்கும்படி வையுங்கள். வாளிக்குள் குளத்து நீரையே ஊற்றி, உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி செய்து, இரண்டு பக்கமும் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். பம்பை நிறுத்தி, தண்ணீர் நிரப்பும் குழாயையும் மூடி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். நம் வெயிலுக்குத் திறந்த நீர்ப்பரப்பில் ஒரு நாளைக்கு நாலைந்து மில்லிமீட்டர் ஆவியாகிவிடும், அது வாளிக்குள்ளும் குறையும் வெளியேயும் குறையும். வெளியே மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் அது கசிவு. இன்னொரு நாள் பம்பை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். ஓடும்போது அதிகமாக இறங்கினால் குழாயில் கோளாறு, இரண்டு நாளும் ஒரே அளவில் இறங்கினால் பெரும்பாலும் தொட்டியின் சுவரிலோ தரையிலோ விரிசல். மழை பெய்யாத நாளாகப் பாருங்கள், நம் ஊரில் அதுதான் கஷ்டம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலக் குளத்தின் பரப்பு 1,000 சதுர மீட்டர். அதில் ஒரே ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 10,000 லிட்டர் போய்விட்டது என்று பொருள். தினமும் இரண்டு சென்டிமீட்டர் கசிந்தால் மாதத்துக்கு 6 லட்சம் லிட்டர், அதுவும் குளோரின் போட்டுச் சுத்தம் செய்த தண்ணீர், நேராக மண்ணுக்குள். வருடக்கணக்காக மன்றம் இதற்குத்தான் தண்ணீர் பில் கட்டிக்கொண்டிருந்திருக்கலாம். அந்தப் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு டைல்ஸ் மேல் தட்டிக்கொண்டே நடங்கள். நன்றாக ஒட்டியிருப்பது 'டக்' என்று கனமாகக் கேட்கும், அடியில் விட்டுப்போனது வெற்றுப் பானை மாதிரி ஒலிக்கும். தட்டிப் பார்த்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒரு படம் எடுத்தாலே குளத்தின் வரைபடம் மாதிரி ஆகிவிடும். சுவரில் துருக்கறை வடிந்திருந்தால் உள்ளே கம்பி அரிக்கத் தொடங்கிவிட்டது, அது சாயம் பூசி மறைக்கும் விஷயமில்லை. பம்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் தே தாரிக் வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பேசுங்கள். எந்த வால்வு திருகினால் திரும்பாது, மணல் வடிகட்டியில் மணலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், எந்தப் பம்பு எப்போதிலிருந்து சத்தம் போடுகிறது என்று எந்த அறிக்கையிலும் இல்லாத விஷயம் அவருக்குத்தான் தெரியும். அடித்தரையில் உள்ள உறிஞ்சு துளைகளின் மூடி உடைந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உடைந்த மூடி பிள்ளைகளின் முடியையும் கையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அந்த ஒன்றுக்காகவே குளத்தை உடனே மூடலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நீங்களாக இறங்க வேண்டாம். ஒன்று, 'உள்ளே என்ன இருக்கு பார்ப்போம்' என்று குளத்தைக் காலி செய்வது. அக்டோபர், நவம்பரில் மழை கொட்டி நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும்போது காலித் தொட்டி கீழிருந்து வரும் அழுத்தத்தில் தூக்கிக்கொள்ளும், முழுக் கான்கிரீட்டும் வெடித்துவிடும். அதைச் செய்வது பதிவு பெற்ற பொறியாளர் வந்து பார்த்த பிறகு. இரண்டாவது, கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் கூட்டு வேலை) வைத்து உடைமாற்றும் அறையின் பழைய கூரையை உடைப்பது. 1970களிலும் 80களிலும் போட்ட கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புல் வெட்டுங்கள், குப்பை அள்ளுங்கள், கூரையைத் தொடாதீர்கள்.

யார் குளிப்பார்கள்?

கூட்டத்துக்கு வருபவர்களை மட்டும் கேட்டால் குளம் அவர்களுக்குத்தான் கட்டப்படும், அவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். என்னைப் போல. காலை ஏழு மணிக்கு வந்து நடைப்பயிற்சி மாதிரி நீந்திவிட்டுப் போகும் சீனத்து அங்கிள்மார் என்ன சொல்கிறார்கள், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் எத்தனை பிள்ளைகளை வாரத்துக்கு ஒருமுறை அனுப்ப முடியும் என்கிறார், மலாய்ப் பெண்களும் நம் பெண்களும் தங்களுக்கென்று தனி நேரம் இருந்தால் வருவார்களா, சக்கர நாற்காலிக்காரர் தண்ணீருக்குள் இறங்க வழி இருக்கிறதா என்று போய்க் கேட்க வேண்டும். மகளிர் நேரம் பற்றிக் கேட்கப் பெண்களையே அனுப்புங்கள், நான் போய்க் கேட்டால் 'எல்லாம் சரிதாண்ணே' என்ற பதில்தான் வரும். தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பிகளையும் மறந்துவிட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குதிப்பது அவர்கள்தான்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது கூட்டத்தில் மட்டம் தட்டினால் சொல்வதற்கு ஒரு புள்ளிவிவரம்: 2021இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது அந்த நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பு வழிகளில் ஒன்று. ஈயம் தோண்டிய பழைய சுரங்கக் குட்டையும் ஆறும் கால்வாயும் சூழ்ந்த ஊரில் குளம் மூடினால் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், குட்டைக்குத்தான் போவார்கள். அங்கே ஆழமும் தெரியாது, எலிக் காய்ச்சல் பயமும் உண்டு.

கேட்கும் முறைக்குப் பினாங்கில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012 வாக்கில் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் திட்டத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களை ஆண்கள், பெண்கள், இளைஞர்கள், முதியவர்கள் என்று தனித்தனிக் குழுவாக உட்காரவைத்துப் பேசி, பிறகு எதற்குக் காசு போக வேண்டும் என்று அவர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். நம் ஊர் மண்டபத்தில் இதைச் சுலபமாகச் செய்யலாம். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, சிறுவர் குளம், நீந்தும் குளம், கூரை, மகளிர் நேரம், பஸ் வசதி என்று பாத்திரங்களை வையுங்கள். எல்லாவற்றிலும் போடக் கொட்டை போதாது என்பதால் ஆட்கள் யோசிப்பார்கள். கையைத் தூக்கச் சொன்னால் எல்லாவற்றுக்கும்தான் தூக்குவார்கள்.

என்ன கட்டலாம்?

நாலு வழி உண்டு. இருப்பதைப் பழுது பார்ப்பது, அதே இடத்தில் இடித்துக் கட்டுவது, சின்னதாகக் கட்டுவது, கட்டாமலே பக்கத்து ஊர்க் குளத்துக்குப் பஸ் விடுவது. கடைசியைச் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் மேசையில் வையுங்கள், மற்ற மூன்றின் செலவையும் அதோடு ஒப்பிடத்தான்.

என்னைக் கேட்டால் சின்னதாகக் கட்டுவதுதான். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், சராசரி 1.8 மீட்டர் ஆழம் என்றால் 1,800 கன மீட்டர் தண்ணீர். 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 450 கன மீட்டர், சரியாகக் கால் பங்கு. பொதுக் குளத்தில் மொத்தத் தண்ணீரும் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியாகப் போய்வர வேண்டும், அதனால் தண்ணீர் கால் பங்கானால் பம்பு, மணல், குளோரின் எல்லாம் அதை ஒட்டிக் குறையும். நெஞ்சளவுத் தண்ணீரில்தான் பிள்ளைகள் நீச்சல் கற்கிறார்கள். மாவட்டப் போட்டி நடத்த 50 மீட்டர் வேண்டும் என்பார்கள், வருடத்தில் ஒரு வாரப் போட்டிக்காக மீதி வாரங்களெல்லாம் நாம் பில் கட்ட வேண்டும். மிச்சமாகும் இடத்தில் முழங்கால் அளவு சிறுவர் குளமோ, தேங்கும் நீரே இல்லாமல் தரையிலிருந்து தண்ணீர் பீச்சும் விளையாட்டிடமோ போடலாம்.

கூரை போடச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள், அவர்கள் சொல்வது நியாயமும்கூட. வெயில் நேராகப் பட்டால் குளோரின் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், மதியம் இரண்டு மணிக்குத் திறந்த குளத்தில் பிள்ளைகளை விடவும் முடியாது. ஆனால் கூரை வந்தால் இடி மின்னலிலும் குளிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரமும் நம் ஊர் இடிமழை நேரமும் ஒன்று. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது என்பது பொது வழக்கம். வகுப்பு அட்டவணையைக் காலைக்கும் இரவுக்கும் தள்ளினால் பாதிப் பிரச்சினை தீரும், அதற்கு விளக்கு வேண்டும்.

மாதச் செலவைத் தாளில் எழுதுங்கள்

ஒரே ஒரு தாள். கரண்டு, தண்ணீர், குளோரின், அமிலம், உயிர்காப்பாளர் சம்பளம், பம்பு ஆபரேட்டர் சம்பளம், கழிவறைச் சுத்தம், காப்பீடு, அப்புறம் டைல்ஸும் பம்பும் ஒருநாள் மாற்ற வேண்டிவரும் என்பதற்கான சேமிப்பு. கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். எதிர்ப்பக்கத்தில் நுழைவுக் கட்டணம், பள்ளிகள் தரும் தொகை, ஒட்டுக்கடை வாடகை. இரண்டையும் கழித்தால் துண்டு விழும். கண்டிப்பாக விழும், பொதுக் குளம் லாபம் பார்க்கும் இடமில்லை. அந்தத் துண்டை வருடாவருடம் எந்தக் கணக்கிலிருந்து நிரப்புவது என்பதை மன்றத்திடம் எழுத்தில் கேட்பதுதான் உங்கள் கமிட்டியின் முதல் வேலை, கடைசி வேலையும் அதுதான்.

எங்கள் கூட்டம் ஒன்றில், வரைபடத்தைத் திரையில் காட்டி எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து, "சனிக்கிழம சாயங்காலம் உயிர்காப்பாளர் லீவு போட்டா யார் நிப்பாங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. அந்த மாதிரிக் கேள்வி கேட்பவரைப் பிடித்துக் கமிட்டிச் செயலாளராக்குங்கள்.

குளோரின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆட்குறைப்பு வரும்போது முதலில் அடிபடுவது இதுதான். நீரில் தனிக் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அமிலத்தன்மை அளவு (pH) 7.2 முதல் 7.8. இதை ஒரு நாளில் பலமுறை அளந்து, எல்லாரும் பார்க்கும் பலகையில் எழுத வேண்டும். 'குளோரின் வாடை தூக்கலா இருக்கு, நல்லா போட்டிருக்காங்க' என்பார்கள், உண்மையில் அந்தக் கண்ணெரிச்சல் வாடை குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போனதால் வருவது. குளிப்பதற்கு முன் ஷவரில் நனைய வைத்தால் செலவு குறையும்.

மன்றத்திடம் போவது

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. கவுன்சிலர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆகவே 'அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம்' என்று கவுன்சிலரை மிரட்டிப் பயனில்லை, அந்த மிரட்டல் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் எடுபடும். இருவரிடமும் போங்கள், ஒய்.பி.யிடம் (சட்டமன்ற உறுப்பினரை நாம் அப்படித்தான் அழைப்போம்) போகும்போது கவுன்சிலருக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்வார்கள். அதே 1976 சட்டம் மன்றத்தின் முழுக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறது, மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய. பத்துப் பேர் போய் அமைதியாகப் பின்னால் உட்கார்ந்தாலே போதும்.

கடிதம் மலாய் மொழியில், ஒரு பக்கம், பின்னிணைப்பாக வாளிச் சோதனைப் படம், நிலத் தேடல் நகல், மாதச் செலவுத் தாள். மன்றத்தின் ஆண்டு பட்ஜெட் அந்த ஆண்டு பிறக்கும் முன்பே மாநில அரசின் ஒப்புதலுக்குப் போக வேண்டும், அதனால் டிசம்பரில் கேட்டால் அடுத்த வருடமும் கிடையாது. ஆண்டின் முற்பாதியில் கொடுத்துவிடுங்கள். சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் உரிமைக்கான மாநிலச் சட்டம் இருப்பதால் பழைய பொறியாளர் அறிக்கையை முறைப்படி கேட்டு வாங்கலாம். மற்ற மாநிலங்களில் கடிதம் எழுதிக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

கமிட்டி வெறும் வாட்சப் குழுவாக இருந்தால் மானியம் யார் பெயரிலும் வராது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிந்துகொள்ளலாம். எல்லா மொழிக்காரர்களும் இருக்கட்டும், இந்தியர் கமிட்டி என்று பெயர் விழுந்தால் குளம் இந்தியர் பிரச்சினை ஆகிவிடும், அப்புறம் கோப்பு எங்கோ ஒரு மூலைக்குப் போய்விடும். தோட்டக் கம்பெனியிடமும் கேளுங்கள், ரொக்கமாக வேண்டாம், பத்து வருட கரண்டு செலவில் ஒரு பங்கு என்று கேளுங்கள். திறப்பு விழாப் பலகையில் பெயர் போட ஆசைப்படுபவரை அந்தப் பங்குக்குக் கையெழுத்துப் போடவைப்பது கஷ்டம்தான், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

இடைப்பட்ட காலம்

ஒப்புதல், டெண்டர், கட்டுமானம் என்று வருடங்கள் ஓடும். அதுவரை மூடிக் கிடக்கும் குளத்தை யார் பார்ப்பது என்பதை மூடும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். தண்ணீரை வடித்தால் தொட்டி தூக்கிக்கொள்ளும் அபாயம், விட்டு வைத்தால் ஏடிஸ் கொசு. பம்பு ஓடினால் தினமும் சில மணி நேரம் ஓடவிட்டுக் குளோரின் போடச் சொல்லுங்கள், பம்பே செத்துவிட்டால் சுகாதாரப் பிரிவிடம் கேட்டு கொசுப்புழுவைக் கொல்லும் ஏபேட் மருந்து போடச் சொல்லுங்கள். வேலியில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே அடைக்க வேண்டும், பச்சைத் தண்ணீரில் விழுந்த பிள்ளை மேலிருந்து பார்த்தால் தெரியாது. கேட்டின் சாவி மன்றத்தில் ஒன்று, கமிட்டியில் ஒன்று. தொலைபேசி எண்ணை வேலியில் பெரிய எழுத்தில் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் தொங்கவிடுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வருடத்திலேயே பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற்பாடு செய்து நீச்சல் வகுப்பைத் தொடங்கிவிடுங்கள். வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற பதிவேடு புதுக் குளத்துக்கான கோப்பில் போய்ச் சேரட்டும்.